வீணைக்குப் பாலிஷ்

மயிலாப்பூர்,
ஐப்பசி மாதம்.

அன்புள்ள நண்பா,

உன் கடிதம் கிடைத்தது. எல்லாரும் வாட்ஸப்பில் கட்டைவிரல் பொம்மை அனுப்பிவிட்டு வேலை முடிந்தது என்று இருக்கும்போது, நாலு பக்கம் எழுதித் தபாலில் போடுகிற ஆள் எனக்குத் தெரிந்து நீ ஒருவன்தான் மிச்சம். கையெழுத்து மட்டும் பள்ளிக்கூடத்தில் இருந்ததைவிட மோசம். இரண்டாம் பக்கத்தை மருந்துக்கடைக்காரரிடம் கொடுத்துப் படிக்கச் சொல்லலாமா என்று யோசித்தேன்.

இங்கே எல்லாரும் சௌக்கியம். மெட்ரோ சுரங்க வேலையால், லஸ் பக்கம் போவதென்றால் இன்றைக்கு எந்தத் தெரு திறந்திருக்கிறது என்று விசாரித்துவிட்டுத்தான் கிளம்ப வேண்டியிருக்கிறது. ஜன்னலைத் திறந்தால் தூசு, மூடினால் புழுக்கம். மழையும் ஆரம்பித்தாயிற்று. என் முழங்கால் சமதரையில் ஒத்துழைக்கிறது, மாடிப்படியில் தகராறு செய்கிறது. வயலினை விடவில்லை. காலையில் கொஞ்ச நேரம், பக்கத்து வீட்டு நாய் பொறுத்துக்கொள்கிற வரைக்கும்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். உன் அம்மாவின் வீணையை உன் பேத்தி எடுத்து வாசிக்கிறாள் என்று படித்ததும் அவ்வளவு சந்தோஷம். டிசம்பரில் இங்கே போட்டிக்கு வரும்போது மற்ற பிள்ளைகளின் வீணையெல்லாம் பளபளவென்று இருக்கும், இது மட்டும் கறுத்துப் போய் இருக்கிறது என்று அவள் கூச்சப்படுகிறாள். பாலிஷ்காரர் ஒருவர் எல்லாவற்றையும் தேய்த்தெடுத்து, மெலமைன் என்கிற பளபளப்புப் பூச்சு அடித்து, ஓரத்துப் பூவேலையையும் மாற்றிப் புத்தம் புதுசாக்கித் தருகிறேன் என்கிறார். என்ன செய்யட்டும் என்று கேட்டிருக்கிறாய்.

செய்யாதே. முன்பணம் கொடுத்திருந்தால் போகட்டும் என்று விட்டுவிடு.

முதலில் நாதத்துக்கான காரணம். வீணையில் பேசுவது மேல்பலகை. தந்தியின் அதிர்வை, அதைத் தாங்கி நிற்கிற குதிரை வாங்கி அந்தப் பலகைக்குத்தான் கொடுக்கிறது. பலகை, வீணையின் வயிறான குடத்துக்குள் இருக்கிற காற்றை அசைக்கிறது. அந்தப் பலாப் பலகை எவ்வளவு கனம் இருக்க வேண்டும் என்று தட்டித் தட்டிக் கேட்டுச் சீவினவர் தஞ்சாவூர் ஆசாரி. கதவுக்கும் கட்டிலுக்கும் தேய்க்கிற கையோடு ஒருவர் அதன்மேல் உப்புத்தாளைப் போட்டால், கறுப்போடு சேர்ந்து மரமும் போகும். போன மரத்தை யாரும் திரும்ப வைக்க முடியாது. அதற்கு மேல் மெலமைனோ பாலியூரித்தேன் பாலிஷோ கனமாக ஏற்றினால், பலகைக்குக் கம்பளிச் சட்டை மாட்டிவிட்ட மாதிரி. கார்வை, அதாவது நாதம் நின்று ஒலிக்கிற நேரம், குறையும். அந்தக் காலத்து பாலிஷ், ஸ்பிரிட்டில் அவலரக்கைக் கரைத்துத் துணிப்பந்தால் மெல்லிசாக, ஒரு பூச்சு காய்ந்தபின் இன்னொன்று என்று ஏற்றினது. பலகையின் அதிர்வைத் தடுக்காத அளவுக்குத்தான் அது இருக்கும்.

அந்த அரக்கு பாலிஷையே போடச் சொல்லலாமே என்று நீ கேட்பாய். இந்த மாதத்தில் அதுவும் ஆகாது. காற்றில் இவ்வளவு ஈரம் இருக்கும்போது ஸ்பிரிட் பாலிஷ் போட்டால் ஈரத்தையும் சேர்த்து உள்ளே பிடித்துக்கொண்டு வெள்ளையாகப் பூத்துவிடும். மாசி பங்குனியில் காற்று கொஞ்சம் உலர்ந்த பிறகு, அதுவும் வீணைக்காரர் ஒருவர் பார்த்துவிட்டு வேண்டும் என்று சொன்னால் மட்டும், பாலிஷ் அடியோடு போன இடத்தில் தொட்டுவிடலாம்.

ஓரத்துப் பூவேலையைப் பற்றி உன் பாலிஷ்காரர் சொன்னதுதான் எனக்கு எரிச்சலாக இருந்தது. அந்த நாள் தஞ்சாவூர் வீணைகளில் ஓரத்துக்குத் தந்தமும் மான்கொம்பும் பதித்து, அதில் ஊசியால் கோடு கீறி, கோட்டுக்குள் மை தேய்ப்பார்கள். இன்றைக்கு இரண்டையுமே சட்டப்படி வாங்கவோ விற்கவோ முடியாது. ஆக அவர் பெயர்த்தெடுத்துவிட்டு ஒட்டப்போவது பிளாஸ்டிக். பழுப்பேறின பழைய வேலையைத் தூக்கிப் போட்டுவிட்டு வெள்ளை வெளேரென்று பிளாஸ்டிக் ஒட்ட நீ காசும் கொடுக்க வேண்டும். பெயர்த்தெடுத்த துண்டுகள் எங்கே போகும் என்று கேட்டாயா?

இவ்வளவு சொன்னதால் வீணையை ஒட்டடையோடு தூக்கிக்கொண்டு வா என்று அர்த்தமில்லை. அந்தப் பணத்தை வேறு இடத்தில் போடு. தந்திக்கு அடியில் வரிசையாக இருக்கிற உலோக மெட்டுகளை விரலால் தடவிப் பார். 24 மெட்டில் நடு ஸ்தாயி மெட்டுகள்தான் அதிகம் உழைத்திருக்கும். தந்தி படுகிற இடத்தில் பள்ளம் விழுந்திருந்தால் கமகம் இழுக்கும்போது தந்தி அங்கே சிக்கும், ஜிர்ரென்று இரையும். குதிரை மேல் இருக்கிற உலோகத் தகடும் அப்படித்தான். அதில் கோடு விழுந்துவிட்டால் எந்தத் தந்தி போட்டாலும் நாதம் திறக்காது. தெரிந்தவர் கையால் அரம் போட்டு மட்டம் செய்ய வேண்டும். மெட்டுகளைப் பிடித்து நிறுத்துகிற, தேன்மெழுகும் கரிப்பொடியும் கலந்த அந்தக் கறுப்பு மெழுகு எத்தனை வருஷத்துக்கு முன்னால் வைத்ததோ, வறண்டு வெடித்திருக்கும். புது மெழுகு வைத்து மெட்டு கட்டினால் ஸ்வர ஸ்தானம் சுத்தமாகும். தந்தியை முறுக்குகிற பிரடைகள் நழுவுகின்றனவா, குடமும் நீளமான தண்டியும் சேருகிற ஒட்டு விட்டிருக்கிறதா, இதையெல்லாம் பார்க்க வேண்டும். இவை ஒன்றுகூடப் போட்டோவில் தெரியாது. வாசிக்கிற குழந்தைக்கு இவைதான் தெரியும்.

அம்மா பக்கத்தில் ஒரு சின்னக் கிண்ணத்தில் தேங்காய் எண்ணெய் வைத்துக்கொண்டு இடது கை விரலில் தொட்டுக்கொண்டு வாசிப்பார்களே, ஞாபகம் இருக்கிறதா? வீணைக்காரர்கள் எல்லாருமே வைத்துக்கொள்வதுதான். அந்த எண்ணெயும் தந்தியிலிருந்து உதிர்கிற உலோகத் தூளும் சேர்ந்துதான் மெழுகின் ஓரத்தில் மைபோல் படிந்திருக்கிறது. அதை உலர்ந்த பருத்தித் துணியால் துடைத்தால் போதும். தண்டியின் அடிப்பக்கம் கட்டைவிரல் ஓடிய தடமும், பலகை ஓரத்தில் வலது முன்கை படிந்த இடமும் தேயத்தேய வந்தவை. அவற்றை அழுக்கு என்று நினைத்துத் தேய்க்கப் போகாதே.

இந்த இடத்தில்தான் எனக்கும் ரொம்பப் பேருக்கும் ஒத்துப்போவதில்லை. வாத்தியத்தைச் சுத்தமாக வைப்பதும் புதுசாகக் காட்டுவதும் ஒன்று என்று நினைக்கிறார்கள். என் அனுபவத்தில் இரண்டும் ஒருவரிடம் சேர்ந்து இருப்பது அபூர்வம். வாசித்து முடித்ததும் துடைக்கிறவனுக்கு பாலிஷ்காரரைக் கூப்பிட அவசியம் வராது. துடைக்காதவன்தான் மூன்று வருஷத்துக்கு ஒருமுறை மொத்தமாகப் பளபளப்பு வாங்கப் போகிறான். வயலினையே எடுத்துக்கொள். வில்லிலிருந்து விழுகிற ரோசின் தூளை அன்றைக்கே துடைத்துவிட்டால் ஒன்றுமில்லை. விட்டுவிட்டால் வார்னிஷோடு ஒட்டிக் கல்லாகிவிடும். அப்புறம் அதை எடுக்க ஸ்பிரிட்டைத் தொட்டால் ரோசினோடு வார்னிஷும் கரைந்து வரும். சென்னை உப்புக்காற்றுக்கும் வியர்வைக்கும் ஸ்டீல் தந்தி எவ்வளவு சீக்கிரம் துருப்பிடிக்கும் என்று உனக்குச் சொல்ல வேண்டியதில்லை, நீயும் இங்கே வேலை பார்த்தவன்தானே.

இன்னொன்று கவனித்திருக்கிறாயா? நம் வயலின் தேய்கிற இடமே வேறு. வெள்ளைக்காரன் நின்றாலும் நாற்காலியில் உட்கார்ந்தாலும் தாடையில் இடுக்கி வாசிக்கிறான். நாம் சப்பணம் போட்டு உட்கார்ந்து, சுருள் தலையை வலது பாதத்தில் வைத்து, இந்தப் பக்கம் மார்பில் அணைத்துக்கொள்கிறோம். அதனால் நம்மிடம் சுருளின் வார்னிஷ்தான் முதலில் போகும். ஒரு பழைய வயலினைக் கையில் கொடுத்தால் அது கர்நாடக சங்கீதம் வாசித்ததா, மேற்கத்தியதா என்று தேய்மானத்தை வைத்தே ஓரளவு சொல்லிவிடலாம். அதற்கெல்லாம் புதுப் பூச்சு அடித்துவிட்டால் போச்சு.

மிருதங்கக்காரர்களுக்கு இந்தக் கவலையே கிடையாது. வலந்தலையில், அதாவது வலது பக்கத்துத் தோலில், கறுப்பாக அப்பின சாதம் பொடிந்தால், தோல் தளர்ந்தால், மூட்டு என்கிற தோல் மூடியை மாற்று, வாரை இழுத்துப் பிடி, அவ்வளவுதான். கட்டை மட்டும் தலைமுறைக்கும் நிற்கும். வித்வான் பாலக்காடு மணி ஐயரும் மிருதங்கம் செய்த தஞ்சாவூர் பர்லாந்தும் சேர்ந்து மிருதங்கத்தில் செய்ததெல்லாம் தோலையும் நாதத்தையும் பற்றியது. கட்டை மினுமினுக்கிறதா என்று யாரும் பார்க்கவில்லை. ஜார்ஜ் டவுன் ராமகிருஷ்ண செட்டித் தெருவில் வெள்ளிக்கிழமை மாலைகளில் வீணை தனம்மாள் வாசிக்கும்போது மூச்சு சத்தம் கேட்காமல் உட்கார்ந்திருந்தார்களே, அவர்களும் அப்படித்தான். அந்த வாசிப்பைப் பற்றி நான் படித்ததில் எல்லாம் மீட்டின் மென்மைதான் வருகிறது. வீணைக்குப் பாலிஷ் இருந்ததா என்று ஒருவரும் சொல்லவில்லை.

வெளிநாட்டில் இரண்டு வயலின்கள் இருக்கின்றன. ஒன்று ஆக்ஸ்போர்டில், ஆஷ்மோலியன் அருங்காட்சியகத்தில். 'மெசையா' என்று பெயர். ஸ்ட்ராடிவாரி 1716-ல் செய்தார். 1737-ல் அவர் சாகும்வரை அவர் பட்டறையை விட்டுப் போகவில்லை. அதற்குப் பிறகும் அதிகம் வாசிக்கப்படவில்லை. முந்நூறு வருஷத்து வயலின் நேற்று செய்தது போல இருக்கிறது. வயலின் செய்கிறவர்களுக்கு அது பாடப்புத்தகம், ஒப்புக்கொள்கிறேன். அப்படி ஒன்று உலகத்தில் இருக்கத்தான் வேண்டும். மற்றது இத்தாலியில் ஜெனோவாவில், பாகானினி என்ற பெரிய வயலின் வித்வானுடையது. குவார்னேரி 1743-ல் செய்தது. சத்தம் பீரங்கி மாதிரி என்பதால் 'கானோனே' என்று பெயர். 1840-ல் அவர் காலமானபோது அதை ஊருக்கே எழுதிவைத்துவிட்டுப் போனார். வார்னிஷ் தேய்ந்தது தேய்ந்தபடியே இருக்கிறது. ஊர்க்காரர்கள் காவல் போட்டு வைத்திருந்தாலும் அவ்வப்போது தேர்ந்த வித்வான் கையில் கொடுத்து வாசிக்கச் சொல்கிறார்கள். இரண்டில் ஒன்றை எனக்குக் கொடுக்கிறேன் என்றால் நான் யோசிக்கவே மாட்டேன். கொடுக்கத்தான் யாரும் இல்லை.

வில்லி நெல்சன் என்ற அமெரிக்கப் பாடகரின் கிதாரைப் பார்த்தால் உன் பேத்தியின் கூச்சம் போய்விடும். 1969-ல் வாங்கின மார்ட்டின் கிதார். விரலால் வாசிப்பதற்காகச் செய்ததை அவர் பிக் வைத்து வாசித்து வாசித்து, பலகையில் இரண்டாவதாக ஒரு ஓட்டையே விழுந்துவிட்டது. ஓட்டையை அடைக்கவில்லை. ஆனால் உள்ளே தாங்கு சட்டங்களைக் கைதேர்ந்தவர் ஒருவர் விடாமல் பார்த்துச் சரிசெய்துகொண்டே இருக்கிறார். நான் சொல்ல வருவது இந்த வகைப் பராமரிப்பைத்தான்.

இதிலும் ஒரு கூத்து உண்டு. என் அக்கா பையன் பழைய மகாபலிபுரம் சாலையில் ஐ.டி. வேலை பார்க்கிறான், வாரக் கடைசியில் நண்பர்களோடு கிதார் வாசிக்கிறான். போன மாதம் வந்தபோது பெயிண்ட் எல்லாம் உரிந்து மரம் தெரிகிற ஒரு கிதாரைக் கொண்டுவந்தான். பாவம், செகண்ட் ஹேண்ட் வாங்கியிருக்கிறான் என்று நினைத்தேன். பார்த்தால் புத்தம் புதுசு! ஃபெண்டர் கம்பெனியே 1995-லிருந்து இப்படிச் சுரண்டிக் கீறித் துருவேற்றி 'ரெலிக்' என்று விற்கிறதாம், புதுசைவிடக் கூடுதல் விலைக்கு. முப்பது வருஷம் வாசித்தால் வரவேண்டிய தேய்மானத்தை முதல் நாளே காசு கொடுத்து வாங்குகிறார்கள். உன் பாலிஷ்காரர் முப்பது வருஷத்தை அழித்துத் தருகிறார், இவர்கள் முப்பது வருஷத்தை ஒட்டித் தருகிறார்கள். எனக்கு இரண்டும் ஒரே வியாபாரமாகத்தான் தெரிகிறது. அவனிடம் சொன்னேன். "மாமா, பார்க்க கெத்தா இருக்குல்ல?" என்றான். கெத்தாகத்தான் இருந்தது, அதை மறுக்க முடியாது.

இப்போது, எனக்கே எதிராக ஒன்று சொல்கிறேன். பேத்தியின் கூச்சத்தைச் சும்மா சின்னப்பிள்ளைத்தனம் என்று தள்ளிவிடாதே. பேர் வாங்கினவர் கீறல் விழுந்த வீணையோடு மேடை ஏறினால், "ஆஹா, பழைய தஞ்சாவூர் வீணை" என்று முதல் வரிசையில் பேசிக்கொள்வார்கள். பதினைந்து வயசுப் பெண் அதே வீணையோடு ஏறினால், "வாத்தியத்தைக் கவனிக்கிறதே இல்லை போலிருக்கு" என்பார்கள். தேய்ந்த வாத்தியத்தோடு நிம்மதியாக உட்கார முடிவது பெரிய ஆட்களுக்குத்தான்.

நாதஸ்வரக்காரர்களைப் பார். நரசிங்கம்பேட்டையில் பழைய வீடுகளை இடிக்கும்போது கிடைக்கிற ஆச்சா மரத்தில்தான் நல்ல நாயனம் கடைவார்கள், மரம் வருஷக்கணக்கில் உலர்ந்திருக்க வேண்டும் என்பதற்காக. சுருதி சேரத் துளைகளில் மெழுகை அப்பிக்கொண்டு வாசிப்பார்கள். அதில் அழகு பார்க்க ஏது இடம்? ஆனால் அதே வித்வான் கல்யாண மண்டபத்துக்கு வரும்போது பூணும் பதக்கங்களும் துலக்கி வைத்திருப்பார். வைத்துத்தான் ஆக வேண்டும். முகூர்த்த வீட்டுக்காரர் காதால் எடை போடுகிறவர் இல்லை. நாதஸ்வர வித்வான் ராஜரத்தினம் பிள்ளை ஷெர்வானியும் கோட்டுமாக மேடைக்கு வந்ததை ஆடம்பரம் என்று சொன்னவர்கள் உண்டு. இடுப்பில் துண்டைக் கட்டிக்கொண்டு நின்று வாசி என்று சொல்லப்பட்ட ஒரு தொழிலிலிருந்து வந்தவருக்கு அது ஆடம்பரமில்லை. அந்த மாதிரி இடத்தில் இருக்கிறவரிடம் போய், "பளபளப்பு எதற்கு, நாதம் போதாதா" என்று நான் சொன்னால் எனக்கு அடி விழ வேண்டும். பென்ஷன் வாங்கிக்கொண்டு காலையில் வாசிக்கிறவன் சொல்லக்கூடிய அறிவுரை இல்லை அது.

அதனால் பேத்திக்கு நான் சொல்வது இது. பித்தளை எல்லாவற்றையும் துலக்கு. குதிரைத் தகட்டில் மட்டும் கை வைக்காதே, அது வீணைக்காரர் வேலை. தண்டி முனையில் இருக்கிற யாளி முகத்தின் இடுக்குகளில் இருக்கிற தூசியைப் பழைய டூத் பிரஷ்ஷால், தண்ணீர் தொடாமல், எடு. பழைய தந்தியைக் கழற்றிவிட்டுப் புதுத் தந்தி போடு. வீணை பாதி புதுசாகிவிடும். தண்டிக்கு அடியில் இருக்கிற சுரைக்குடுக்கையில் பூச்சி அரித்திருந்தால் மாற்றலாம், ஒன்றும் தப்பில்லை. இப்போது ஃபைபரிலேயே வருகிறது. நல்ல பட்டுத் துணியில் ஒரு உறை தைத்துக் கொடு, மேடையில் எல்லார் கண்ணும் முதலில் அதில்தான் விழும். இவ்வளவுக்கும் உன் பாலிஷ்காரர் கேட்ட பணத்தில் பாதி ஆகாது.

சரஸ்வதி பூஜைக்கு வீணைக்குச் சந்தனம் குங்குமம் வைத்திருப்பீர்கள். எங்கே வைத்தீர்கள் என்று போய்ப் பார். பலகை மேல் ஈரச் சந்தனத்தை வைத்திருந்தால் அரக்கு பாலிஷில் வெள்ளைத் திட்டு விழுந்திருக்கும். அடுத்த வருஷத்திலிருந்து உறை மேலேயோ பிரடை மேலேயோ வைக்கச் சொல். சரஸ்வதி கோபித்துக்கொள்ள மாட்டாள். என் வயலினுக்கு அதன் பெட்டி மேல்தான் பொட்டு.

மெட்டு கட்டுகிற வேலைக்கு இங்கே எனக்குத் தெரிந்த ஒருவர் இருக்கிறார். டிசம்பர் நெருங்கிவிட்டால் அவர் கையில் இருபது வீணை இருக்கும், நம் முகத்தையே பார்க்க மாட்டார். அதனால் கார்த்திகை பிறந்ததும் கிளம்பி வா. புது மெட்டு கட்டினபின் பேத்தி கை பழகவும் ஒரு மாதம் வேண்டும். இரவு மலைக்கோட்டை எக்ஸ்பிரஸில் டிக்கெட் போடு. சுரைக்குடுக்கையைக் கழற்றித் தனியாகத் துணியில் சுற்று. தந்திகளைக் கொஞ்சம் தளர்த்து, அடியோடு விட்டுவிடாதே, குதிரை இடம் மாறிவிடும். கீழ் பெர்த் ஒன்றில் வீணையைப் படுக்கவை, இன்னொன்றில் பேத்தி. நீ எப்படியும் ரயிலில் தூங்குகிறவன் இல்லை. ஸ்டேஷனிலிருந்து ஆட்டோ வேண்டாம், பெரிய கார் ஒன்றை நான் ஏற்பாடு செய்கிறேன். வெயிலில் காருக்குள் விட்டுவிட்டு எங்கேயாவது காபி குடிக்கப் போகாதே, மெழுகு இளகி மெட்டெல்லாம் நகர்ந்துவிடும்.

பாலிஷ்காரரிடம் இன்றைக்கே சொல்லிவிடு. எந்த ரயில், எந்தத் தேதி என்று மட்டும் போனில் சொல். அதற்கும் தபால் எழுதிக்கொண்டிருக்காதே. தங்கச்சியை நான் கேட்டதாகச் சொல்.

அன்புடன்,
உன் பழைய பெஞ்சுக்காரன்